குசினிப் பலகை நிலம் எழும்புது, கறுக்குது, சத்தம் போடுது: எங்க பாக்கிறது, என்ன செய்யிறது

பலகை எழும்பிட்டுது எண்டு கோல் எடுக்கிற ஆக்களிட்ட நான் முதல் பலகையைப் பற்றிக் கேக்கிறேல்ல. வீடு கீழ் மாடியோ மேல் மாடியோ, பிரிட்ஜ் எந்தப் பக்கம் நிக்குது, சிங்குக்குக் கீழ இருக்கிற கபேட்டுக்குள்ள கையை விட்டுத் தடவிப் பாத்தனீங்களோ, குசினியில ஏசி ஓடுதோ, இவ்வளவும் கேட்டாப் பிறகுதான் என்ன பலகை எண்டு கேப்பன். ஏனெண்டா கொழும்புக் குசினியில பலகை நிலத்துக்கு வாற வருத்தம் கூடுதலாத் தண்ணியால வாறதுதான், அந்தத் தண்ணி கீழ இருந்து வருதோ மேல இருந்து வருதோ காத்தில இருந்து வருதோ எண்டு பிடிச்சிட்டா அரைவாசி வேலை முடிஞ்சுது. அதைப் பிடிக்காமப் பலகையை மட்டும் மாத்தினா அடுத்த மழைக்கு அதே இடத்தில அதே மாதிரி எழும்பும், போட்ட காசும் போயிடும்.

முதல் உங்கட நிலம் எது எண்டு பாருங்கோ

குசினி வாசல்ல ஒரு அலுமினியப் பட்டி அடிச்சிருக்கும், அதைக் கழட்டினாப் பலகையின்ர வெட்டு முகம் தெரியும். மேல இருக்கிற ரேகை வெட்டு முகத்திலயும் தொடர்ந்து ஓடினா அது அசல் மரம், தேக்கோ மகோகனியோ பலாவோ. மேல 2 இலிருந்து 6 மில்லிமீற்றர் வரைக்கும் மரத்தோல், கீழ பிளைவூட் அடுக்கு எண்டா எஞ்சினியர்ட். நடுவில மண்ணிறத்தில தூளை அமத்தி இறுக்கின மாதிரி ஒரு தட்டு, அதுக்கு மேல மெல்லிய படம் எண்டா லெமினேட். சாம்பல் நிறத்தில கல்லு மாதிரிப் பாரமா இருந்தா எஸ்பிசி, அது பிளாஸ்டிக்கும் சுண்ணாம்புக்கல்லுத் தூளும், அதில மரமே இல்ல. பட்டியைக் கழட்ட மனமில்லையெண்டா ரேகையைப் பாருங்கோ, ஒரே முடிச்சு நாலைஞ்சு பலகை தள்ளித் திரும்ப வந்தா அது படம்தான்.

இது ஏன் முக்கியம் எண்டா, அசல் மரமும் எஞ்சினியர்ட்டும் நனைஞ்சு வளைஞ்சாலும் காயவிட்டாத் திரும்ப வாறதுக்கு வாய்ப்பு இருக்கு, லெமினேட் ஊதினா ஊதினதுதான், எஸ்பிசி ஊதாது ஆனா அதுக்குக் கீழ தண்ணி நிக்கிறது ஒருத்தருக்கும் தெரியவராது.

பலகையின்ர ரெண்டு ஓரமும் தூக்கி நடு பள்ளமாக் கிடக்கு

தண்ணி கீழ இருக்குது. பலகையின்ர அடிப்பக்கம் ஈரத்தை இழுத்து விரியுது, மேல்பக்கம் காஞ்சபடி நிக்குது, அதால ஓரம் ரெண்டும் மேல வளையுது. சந்தேகம் எண்டா ஒரு நேரான அலுமினியக் கம்பியைப் பலகைக்குக் குறுக்கால வைச்சு டோர்ச் அடிச்சுப் பாருங்கோ, நடுவால வெளிச்சம் வரும்.

இதில ஒரு வீட்டுக் கதை சொல்ல வேணும். வெள்ளவத்தையில கடற்கரைப் பக்கம் ஒரு பிளாட், மூண்டாம் மாடி, அதால நிலத்தடி ஈரம் எண்டு சொல்ல இடமில்லை. சிங்குக்கு முன்னால அஞ்சாறு தேக்குப் பலகை ஓட்டை மல்லாத்திப் போட்ட மாதிரி வளைஞ்சு கிடக்கு. முந்தி வந்த ஆள் சிங் பைப்பைத் திறந்து விட்டு ஒழுக்கு இல்லை, மரம்தான் சரியில்லை எண்டு சொல்லிட்டுப் போயிட்டார். நானும் திறந்து விட்டன், ஒரு சொட்டும் இல்ல. சரி எண்டு கபேட்டுக்குள்ள டிரெப்புக்கு, அதுதான் சிங்குக்குக் கீழ வளைஞ்சு போற பைப்புக்கு, அடியில ஒரு பேப்பரை விரிச்சுப் போட்டு அரை மணித்தியாலம் நிண்டன். பத்தரை, பதினொரு மணி இருக்கும், அந்த அக்கா சோத்துப் பானையைத் தூக்கிக் கஞ்சியை அப்பிடியே சிங்குக்குள்ள வடிச்சா.

"அக்கா, ஒவ்வொரு நாளும் இதுக்குள்ளதான் வடிக்கிறனீங்களோ?"

"ஓம் தம்பி, வேற எங்க வடிக்கிறது, பிளாட்டில முத்தமே கிடக்கு?"

கபேட்டைத் திறந்து பாத்தா டிரெப்பின்ர நட் இருக்கிற இடத்தில வெள்ளையா ஒரு சொட்டுத் தொங்கிக்கொண்டு நிக்குது, விழுந்தது, அடுத்த சொட்டு வந்தது, பேப்பரில ஒரு ரூபாய்க் குத்தி அளவுக்கு நனைஞ்சு போச்சு. கொதிக்கிற கஞ்சி போகேக்க பிவிசி இளகி நட் தளருது, பச்சைத் தண்ணிக்கு அது இறுகியே நிக்குது. ஒரு நாளைக்குக் கொஞ்சம்தான், ஆனா ஒவ்வொரு நாளும், அது கபேட் அடியால இறங்கிப் பலகைக்குக் கீழ பரவியிருக்கு. முதலாவது பலகையைத் தூக்கினா அடி முழுக்கக் கறுப்புப் புள்ளி, கீழ போட்ட ஃபோம் பிழிஞ்சாத் தண்ணி வருது. டிரெப்பை மாத்தி வாஷர் புதுசாப் போட்டம், கஞ்சி வடிக்கேக்க பச்சைத் தண்ணிப் பைப்பையும் சேத்துத் திறந்து விடுறா இப்ப, பலகை ஆறு கிழமையில கிட்டத்தட்ட நேராய் வந்தது. அதால ஒழுக்குப் பாக்கிறதெண்டா நீங்கள் சமைக்கிற நேரத்திலயே பாருங்கோ, சும்மா பைப்பைத் திறந்து மூடிப் பாத்துக் காணாது.

சிங் இல்லையெண்டா பிரிட்ஜ். பின்னால கொம்பிரசருக்கு மேல ஒரு தட்டு இருக்கு, உருகிற தண்ணி அதுக்குள்ளதான் விழும், பிஎச்ஐ, அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், டெங்கு பாக்க வரேக்க அதைத்தான் முதல் இழுக்கச் சொல்லுறவை. தட்டு வெடிச்சிருந்தாலோ குழாய் அடைச்சிருந்தாலோ தண்ணி நேரா நிலத்துக்குத்தான். பிறகு வோட்டர் பில்டர், டிஷ்வோஷர் இருந்தா அதின்ர ஹோஸ்.

சுவருக்குள்ள ஓடுற லைன்ல ஒழுக்கு எண்டு சந்தேகம் வந்தா எல்லாப் பைப்பையும் மூடிட்டு மீட்டரைப் பாக்கச் சொல்லுவினம், அது சரி, ஆனாக் கொழும்பில கன வீடுகளில தண்ணி மேல டேங்குக்குப் போய்த்தான் குசினிக்கு இறங்குது. டேங்குக்குப் பிறகு ஒழுகினா மீட்டர் உடன காட்டாது. இரவு படுக்கப் போகேக்க டேங்குக்குப் போற வால்வை மூடிட்டு, உள்ளுக்க தண்ணி நிக்கிற மட்டத்தில ஒரு அடையாளம் போடுங்கோ, விடியக் காத்தால குறைஞ்சிருந்தா லைன்ல பிழை. இரவு ஒருத்தரும் பாத்ரூமுக்குத் தண்ணி எடுக்காமப் பாத்துக்கொள்ளுங்கோ.

கீழ் மாடி வீடு, பைப் எல்லாம் சரி எண்டா அப்ப தளமே ஈரம். ஒரு பலகையை எடுத்திட்டு வெறும் சீமெந்தில ஒண்டரை அடிக்கு ஒண்டரை அடி தெளிவான பொலித்தீன் துண்டு ஒண்டை வைச்சு நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கோ. அடுத்த நாள் பொலித்தீனுக்குக் கீழ வேர்த்திருந்தாலோ சீமெந்து கறுத்திருந்தாலோ ஈரம் கீழ இருந்து ஏறுது. கொஞ்சமா எண்டா எப்பொக்சி ஈரத்தடுப்பு ரெண்டு கோட் அடிச்சு, அதுக்கு மேல 0.2 மில்லிமீற்றர் பொலித்தீனை எட்டு அங்குலம் ஒண்டுக்கு மேல ஒண்டு வாறமாதிரி விரிச்சு, டேப் அடிச்சு, சுவரோட மேல மடிச்சு விட்டுப் போடலாம். சொட்டுச் சொட்டா நிண்டா நான் நேராச் சொல்லுறது, அந்தக் குசினிக்கு டைல்ஸ் போடுங்கோ, மரம் வேண்டாம். வேலை கையை விட்டுப் போனாலும் பரவாயில்லை எண்டுதான் சொல்லுறனான்.

இன்னொண்டு, வளைஞ்சு கிடக்கேக்க சாண்டர் போட்டுத் தேய்ச்சு மட்டமாக்கித் தாறம் எண்டு யாராவது சொன்னா விடாதேங்கோ. ஒழுக்கை நிப்பாட்டுங்கோ, காத்தாடியைத் தரையோட போடுங்கோ, சுவரடியில ஓடுற ஸ்கேர்டிங் பட்டியைக் கழட்டிக் காத்துப் போக வழி விடுங்கோ, ஈரம் பாக்கிற மீட்டர் பக்கத்தில இருக்கிற நல்ல பலகைக்குக் காட்டுற அளவையே இதுக்கும் காட்டும் வரைக்கும் பொறுங்கோ. கொழும்புக் காத்தில அது கிழமைக் கணக்கு, மழைக்காலம் எண்டா மாசக் கணக்கு.

இப்ப ஓரம் பதிஞ்சு நடு மேடா இருக்கு

மேல சொன்னதைக் கேக்காமத் தேய்ச்சிருப்பினம். ஈரமா இருக்கேக்க தூக்கி நிண்ட ஓரத்தைச் சீவி எடுத்தாச்சு, பிறகு காஞ்சு பலகை நேராகேக்க ஓரம் குறைவா நிக்கும். இல்லையெண்டா மேல்பக்கம் அளவுக்கு மிஞ்சி நனையுது, வாளியோட தண்ணி ஊத்திக் கழுவுற வீடுகளில இது வரும். முழுக்கக் காய விட்டு ஒருக்காத் தேய்ச்சு பொலிஷ் திரும்ப அடிக்கிறதுதான் வழி, எஞ்சினியர்ட் எண்டா மரத்தோல் எவ்வளவு மிச்சம் எண்டு பாத்திட்டு, 2 மில்லிமீற்றர் எண்டா தொடாதேங்கோ.

ரெண்டு பலகை சேருற இடம் கூடாரம் மாதிரி நிமிந்து நிக்குது

இது நிலத்துக்கு விரிய இடமில்லாமல் வாறது. சுவர் ஓரமா 8 இலிருந்து 12 மில்லிமீற்றர் இடைவெளி விட்டுத்தான் போட வேணும், அதைத்தான் ஸ்கேர்டிங் மறைக்கிறது. விட்டிருக்கோ எண்டு பாக்க எழும்பின பலகைக்கு நேரா இருக்கிற சுவரில ஸ்கேர்டிங்கைக் கழட்டுங்கோ. பலகை சுவரில முட்டிக்கொண்டு நிண்டா அங்கயே விடை. ஓசிலேட்டிங் கட்டரால அந்த ஓரத்தை 10 மில்லிமீற்றர் வெட்டி விடுங்கோ, கன நேரம் வெட்டி முடியேக்கயே நிலம் மெல்ல இறங்கும், சில நேரம் ரெண்டு மூண்டு நாள் எடுக்கும்.

சுவரில இடைவெளி இருந்தும் எழும்பினா எங்கயோ ஒரு ஆணி நிலத்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்குது. ஸ்கேர்டிங்கைச் சுவருக்கு அடிக்காமப் பலகைக்கு அடிச்சிருப்பினம், வாசல் பட்டியைப் பலகையோட சேத்து ஸ்க்ரூ போட்டிருப்பினம், கதவு நிலைக்குக் கீழ வெட்டாம முட்ட விட்டிருப்பினம். எல்லாத்திலும் மோசம் பேன்ட்ரி கபேட்டை, அதுதான் குசினியில நிரந்தரமாப் பூட்டுற அலமாரியை, மிதக்கிற நிலத்துக்கு (தளத்தோட ஒட்டாமச் சும்மா விரிச்ச பலகைக்கு) மேல ஏத்தி வைக்கிறது. கிரனைட் தட்டும் சாமானும் சேந்து நூற்றுக்கணக்கான கிலோ, ஒரு பக்கம் அது அமத்திப் பிடிச்சா முழு விரிவும் மற்றப் பக்கம்தான் போகும், அங்கயும் பிரிட்ஜ் நிண்டா நடுவில எழும்பாம வேற என்ன செய்யும்? கபேட் முதல், நிலம் பிறகு, கபேட் காலுக்கு முன்னால நிலம் நிக்க வேணும், மறைக்கிறதுக்குக் கீழ் பலகை இருக்கு. ஏற்கனவே ஏத்தியாச்சு எண்டா கபேட்டின்ர முன் ஓரத்தோட நிலத்தை நீளத்துக்கு வெட்டிப் பிரிச்சு விடலாம், நல்ல கை வேணும்.

அசல் மரத்தில இந்தக் கணக்கு இன்னும் பெரிசு. கொழும்புக் காத்தில ஈரப்பதன் கூடுதலா 75, 80 வீதத்துக்கு மேலதான், அந்தக் காத்தில கிடக்கிற மரம் 14 இலிருந்து 16 வீதம் ஈரத்தோட வந்து நிக்கும். வெளியில இருந்து சூளையில காயவைச்சு வாற பலகை 8, 10 வீதத்தில பெட்டியில இருக்கும். 90 மில்லிமீற்றர் அகலத் தேக்குப் பலகை ஈரம் 5 வீதம் கூடினா முக்கால் மில்லிமீற்றருக்கு மேல விரியும், நெடுக வெட்டின விதத்தைப் பொறுத்து கொஞ்சம் கூடக் குறைய. ஒரு பலகைக்கு அது ஒண்டும் இல்ல, பத்தடி அகலக் குசினிக்கு 33 பலகை வருது, கூட்டிப் பாத்தா ஒரு அங்குலம். சுவரில விட்ட 10 மில்லிமீற்றர் எங்க காணப்போகுது? அதாலதான் பெட்டியை உடைச்சு, இடையில குச்சி வைச்சு அடுக்கி, அதே குசினியில ரெண்டு கிழமையாவது வைச்சிட்டுப் போடச் சொல்லுறது. லெமினேட்டுக்கு 48 மணித்தியாலம் காணும். மரம் நீளத்துக்கு விரியிறது மிச்சம் குறைவு, அகலத்துக்குத்தான் விரியும், அதால பலகையின்ர நீளப் பக்கத்துக்குச் சமாந்தரமா இருக்கிற சுவரிலதான் இடைவெளியைத் தாராளமா விட வேணும்.

எஸ்பிசி எழும்பினது எண்டா வெயிலைப் பாருங்கோ. காலி வீதிக்குக் கடல் பக்கம் இருக்கிற பிளாட்டுகளில பின்னேர வெயில் கண்ணாடியால நேரா நிலத்தில விழும், அது ஈரத்துக்கு விரியாது, சூட்டுக்கு விரியும். திரைச்சீலை போடுங்கோ, ஓரத்தை வெட்டி விடுங்கோ.

லெமினேட்டில பொருத்து ஓரம் மாத்திரம் பொம்மி நிக்குது

கையால தடவினா விளங்கும், ரெண்டு பலகை சேருற கோடு முழுக்க ஒரு சின்ன வரம்பு மாதிரி. மேல இருந்து தண்ணி பொருத்துக்குள்ள இறங்கி உள்ள இருக்கிற தூள் தட்டு ஊதிட்டுது. ஈர மொப், ஸ்டீம் மொப், மீன் கழுவேக்க சிந்தின தண்ணி உடன துடைக்காமல் விட்டது, இதுகள்தான். அமத்தியோ அயன் பண்ணியோ திருப்பிக் கொண்டுவர ஏலாது, ஏலும் எண்டு சொன்னா நம்பாதேங்கோ.

சுவருக்குக் கிட்ட எண்டா அந்தச் சுவரில இருந்து பலகைகளைக் கழட்டிக்கொண்டு வந்து கெட்டதை மாத்திட்டுத் திரும்பப் பூட்டலாம். நடுவில எண்டா அந்தப் பலகையை மட்டும் வெட்டி எடுக்க வேணும்: வாளின்ர ஆழத்தைப் பலகையின்ர தடிப்புக்குச் சரியா வைச்சு, ஓரத்தில இருந்து ஒரு அங்குலம் உள்ளுக்க நாலு பக்கமும் வெட்டி, நடுத்துண்டை எடுத்து, பிறகு ஓரத் துண்டுகளை ஒவ்வொண்டாய்க் கழட்டி எடுங்கோ. புதுப் பலகையின்ர கீழ் உதட்டைக் கத்தியால சீவிட்டு பிவிஏ பசை போட்டு மேல இருந்து இறக்கி, அரிசி மூட்டையை ஒரு இரவு மேல வையுங்கோ. ஆழத்தைக் கூட வைச்சா கீழ இருக்கிற பொலித்தீன் கிழியும், அதில கவனம்.

திரும்ப வராமல் இருக்க சிங்குக்கு முன்னாலயும் பிரிட்ஜ் பக்கமும் இருக்கிற சுவர் இடைவெளியில ஃபோம் கயிறு ஒண்டைத் திணிச்சு அதுக்கு மேல சிலிக்கன் ஓட்டி விடுங்கோ. ஃபோம் அமுங்கும், நிலம் விரியவும் இடம் இருக்கும், தண்ணியும் இறங்காது. சீமெந்தாலயோ சுவர் பூச்சாலயோ அடைக்கிறதைக் கண்டிருக்கிறன், அது விரியிற இடத்தை மூடிக் கட்டினதுக்குச் சமம்.

நடக்கேக்க அமுங்குது, கிறீச் எண்டு சத்தம் வருது

தளம் மட்டமில்லை. கிளிக் பலகைக்கு, அதுதான் ஒண்டோட ஒண்டு நாக்கால பூட்டுற பலகைக்கு, 2 மீற்றர் நீளக் கம்பி வைச்சா 3 மில்லிமீற்றருக்கு மேல பள்ளம் இருக்கக்கூடாது. பழைய டைல்ஸுக்கு மேல போட்ட இடங்களில ஒரு டைல் இறங்கியிருக்கும், அதுக்கு மேல கால் வைக்கேக்கதான் சத்தம். சிலபேர் அமுங்காமல் இருக்கட்டும் எண்டு ஃபோமை ரெண்டு தட்டாப் போடுவினம், அது இன்னும் மோசம், கூட அமுங்கிக் கிளிக் நாக்கு உடைஞ்சு போகும், 2, 3 மில்லிமீற்றர் ஃபோம் ஒண்டு காணும். கழட்டிட்டுத் தானா மட்டமாப் பரவுற செல்ஃப் லெவலிங் கலவை ஊத்தி மட்டமாக்கிப் போடுறதுதான் நிரந்தரம். கலவை காய விடுங்கோ. புதுசாப் போட்ட சீமெந்து மட்டம் எண்டா ஒரு மில்லிமீற்றர் காய ஒரு நாள் எண்டது பழைய கணக்கு, 50 மில்லிமீற்றர் எண்டா 50 நாள், இங்கத்தக் காத்தில அதுக்கும் மேல.

ஒட்டின நிலத்தில தட்டினா டொக் டொக் எண்டு வெறுமையாக் கேட்டா அந்த இடத்தில பசை பிடிக்கேல்ல. சின்னத் துளை போட்டு ஊசியால பசை ஏத்திப் பாரம் வைக்கலாம்.

பலகைக்கு இடையில வெடிப்பு விழுது

ரெண்டு காரணம். ஒண்டு, பச்சை மரத்தைப் பலகையாக்கிக் காயாமலே அடிச்சிட்டினம், இப்ப அது வீட்டுக்குள்ள காய்ஞ்சு சுருங்குது. மற்றது ஏசி. இரவு பகலா ஏசி ஓடுற திறந்த பேன்ட்ரி எண்டாக் காத்தின்ர ஈரம் 55 வீதம் வரை இறங்கும், மரமும் 10 வீதத்துக்குக் கிட்ட இறங்கும், வெடிப்பு விழும், ஏசியை நிப்பாட்டி ரெண்டு கிழமை வீட்டைப் பூட்டிட்டு யாழ்ப்பாணம் போய் வந்தாத் தானா மூடியிருக்கும். மரத்தூளும் பசையும் குழைச்சு உடன அடைக்காதேங்கோ. சனவரி, பெப்ரவரியில அடைச்சா மே மாச மழைக்குப் பலகை விரியேக்க அந்த அடைப்பை நொறுக்கி வெளிய தள்ளும். ஒரு முழு வருசம் பாத்திட்டு, அப்பவும் 2 மில்லிமீற்றருக்கு மேல நிரந்தரமா நிக்கிறதுக்கு மட்டும் அதே மரத்தில மெல்லிய கீலம் சீவி ஒரு பக்கம் மட்டும் பசை போட்டு இறக்குங்கோ.

கறுப்பு வளையம், போகமாட்டன் எண்டு நிக்குது

கேஸ் சிலிண்டர் நிண்ட இடமா எண்டு பாருங்கோ. 12.5 கிலோ சிலிண்டரின்ர அடி வளையம் இரும்பு, நிலம் துடைக்கேக்க அதுக்குக் கீழ ஈரம் நிண்டு கறள் பிடிக்கும், ஆனா அந்தக் கறுப்பு வெறும் கறள் இல்ல. கறள் கபில நிறமாத்தான் இருக்கும். இரும்பு தேக்கு, ஓக் மாதிரி மரத்தில இருக்கிற துவர்ப்போட சேந்து மை மாதிரி உண்டாகுது, முந்தின காலத்தில எழுதுற மையே இப்பிடித்தான் செய்தவை. அதால சவர்க்காரம் போட்டுத் தேய்ச்சாப் போகாது, இரும்பு நார் போட்டுத் தேய்ச்சீங்கள் எண்டா அந்த நாரின்ர துகளே இன்னும் நூறு கறுப்புப் புள்ளி வைக்கும்.

செய்யிற வழி: வளையம் இருக்கிற பலகையில மட்டும் பொலிஷை மரம் தெரியிற வரைக்கும் தேய்ச்சு எடுங்கோ. ஒக்சாலிக் அசிட் பவுடர் 30 கிராமை அரை லீற்றர் சுடுதண்ணியில பிளாஸ்டிக் பாத்திரத்தில கரைச்சு, கையுறை போட்டு, கண்ணுக்குக் கண்ணாடி போட்டு, பிரஷ்ஷால பலகை முழுக்க ஒரே சீராப் பூசுங்கோ, வளையத்தில மட்டும் பூசினா வெள்ளை வளையம் வந்திடும். பாத்துக்கொண்டிருக்கவே கறுப்பு சாம்பலாகி, சாம்பல் மெல்ல மரத்தின்ர நிறமாகும், எத்தினை தரம் செய்தாலும் அதைப் பாக்கேக்க எனக்கு ஒரு சந்தோசம் வரும். பிறகு நல்ல தண்ணியில நனைச்சுப் பிழிஞ்ச சீலையால மூண்டு நாலு தரம் துடைச்சு எடுத்து, ரெண்டு நாள் காயவிட்டுப் பொலிஷ். அது நஞ்சு, பிள்ளைகள் நிக்கேக்க செய்யாதேங்கோ, காஞ்ச பிறகு தேய்ச்சுத் தூளைச் சுவாசிக்காதேங்கோ.

2021 கடைசியில இலங்கையில கேஸ் வெடிப்புகள் நடந்த பிறகு சிலிண்டரை வெளியில வைச்ச வீடுகளில இந்தப் பிரச்சினையே இல்ல. உள்ளுக்க வைக்கிறதெண்டா சில்லுப் பூட்டின பிளாஸ்டிக் தட்டில வையுங்கோ.

மஞ்சள்தூள் கறை எண்டாப் பதறாதேங்கோ. அந்த நிறம் வெளிச்சம் பட்டாத் தானா மங்கும், யன்னலைத் திறந்து வெயில் படவிட்டாக் காணும். சவர்க்காரம் போட்ட உடன சிவக்கும், அது மரம் கெட்டதால இல்ல, மஞ்சளின்ர குணம் அது.

வெள்ளை மங்கல், பிசுபிசுப்பு

சூடான தாச்சியை வைச்ச இடத்தில பால் மாதிரி வெள்ளையாய் வந்தா ஈரம் வார்னிஷுக்குள்ள மாட்டியிருக்கு, காத்தாடியைப் போட்டு ரெண்டு நாள் விட்டுப் பாருங்கோ, கூடுதலாத் தானாப் போகும். நிலம் முழுக்கப் பிசுபிசுத்தா தேங்காய் எண்ணெய்ப் புகை படிஞ்சது, இளஞ்சூட்டுத் தண்ணியில கொஞ்சம் பாத்திரம் கழுவுற திரவம் விட்டு, நல்லாப் பிழிஞ்ச சீலையால துடைச்சு, உடனயே காஞ்ச சீலையால ஒருக்கா. லெமினேட்டுக்கு வாக்ஸ் அடிக்காதேங்கோ, இறங்காமல் மேல நிண்டு ஊத்தையைப் பிடிக்கும்.

எண்ணெய்ப் பொலிஷ் போடுற ஆக்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஆளிவிதை எண்ணெய் பூசின சீலையைச் சுருட்டிக் குப்பை வாளியில போட்டா அது தானா சூடேறித் தீப்பிடிக்கும், நெருப்புக்குச்சி தேவையில்லை. விரிச்சுக் கொடியில காயப்போடுங்கோ, இல்லையெண்டா வாளித் தண்ணிக்குள்ள அமத்தி வையுங்கோ.

தூள் கொட்டுது

தூளை விரலில எடுத்துத் தேய்ச்சுப் பாருங்கோ. கோதுமை மா மாதிரி மெத்தெண்டு இருந்து, பலகையில குண்டூசித் தலை அளவு ஓட்டை இருந்தா அது உளுவண்டு, ரப்பர் மரம் மாதிரி மாச்சத்துக் கூடின மரத்துக்கும் வேற பல மரங்களின்ர வெளிர்ப் பகுதிக்கும் வரும். மணல் மாதிரி நறநறத்தா அது காஞ்ச மரக் கறையானின்ர எச்சம், லென்ஸ் வைச்சுப் பாத்தா ஒவ்வொரு மணியும் ஆறு பட்டையா இருக்கும். ஸ்கேர்டிங் ஓரத்தில மண் கோடு ஏறினா நிலத்தடிக் கறையான், அது ஈரத்தைத் தேடித்தான் வருது, அதால திரும்ப மேல சொன்ன ஒழுக்குத் தேடல்தான், அதோட கறையான் மருந்து அடிக்கிற ஆளையும் கூப்பிடுங்கோ. மண் கோட்டைத் துடைச்சு விட்டாச் சரி எண்டு நினைக்காதேங்கோ, ரெண்டு நாளில வேற பக்கத்தால ஏறும்.

வெள்ளம் வந்த வீடு

2016 மே மாதம் களனி கங்கை பெருகி கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் வீட்டுக்குள்ள தண்ணி வந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அந்தத் தண்ணியில மலசலகூடக் குழித் தண்ணியும் கலந்து வருது. லெமினேட்டையும் ஃபோமையும் யோசிக்காமப் பிடுங்கி எறியுங்கோ. அசல் மரம் எண்டா இலக்கம் போட்டுக் கழட்டி, கழுவி, நிழல்ல குச்சி வைச்சு அடுக்கலாம், திரும்பப் போட எத்தினை மாசம் எடுத்தாலும் தளம் காயாமப் போடாதேங்கோ.

இன்னும் போடேல்ல எண்டா

பேன்ட்ரி தனிய, சமைக்கிற குசினி பின்னால தனிய இருக்கிற வீடு எண்டா பேன்ட்ரிக்கு மரம், பின்னுக்கு டைல்ஸ், வாசல்ல ஒரு பட்டி, இதைவிட நல்ல ஏற்பாடு இல்ல. ஒரே குசினிதான், தேங்காய் துருவுறது, மீன் வெட்டுறது, பிட்டு அவிக்கிறது எல்லாம் அங்கதான் எண்டா எஸ்பிசிதான் என்ர தெரிவு. மரம்தான் வேணும் எண்டு மனசு சொன்னா எஞ்சினியர்ட், மரத்தோல் 4 மில்லிமீற்றராவது, தளத்தோட முழுக்க ஒட்டிப் போடுங்கோ. லெமினேட் எடுக்கிறதெண்டா ஏசி4 எண்டு பெட்டியில போட்டிருக்கோ பாருங்கோ, அது உரசல் தாங்கிறதுக்கான தரம், குளிர்சாதன ஏசி இல்ல, தண்ணி தாங்கிறதுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. ரப்பர் மரம் எண்டா போரோன் மருந்து ஏத்தினதோ எண்டு கேளுங்கோ, ஏத்தியிருந்தாலும் தண்ணி பட்டுப் பட்டு அந்த மருந்து கரைஞ்சு போகும், அதால நான் குசினிக்கு அதை எடுக்கமாட்டன். பலா புதுசில மஞ்சளா இருந்து வருசம் போகப் போகத் தேன் நிறமாகி மண்ணிறமாகும், இப்ப இருக்கிற நிறத்துக்குக் கபேட் பெயின்ற் பொருத்தாதேங்கோ.

சனவரி, பெப்ரவரியில போடுறதெண்டா மரம் அந்த நேரம் இங்க இருக்கிறதிலயே காஞ்ச நிலையில இருக்கும், சுவர் ஓர இடைவெளியைக் கொஞ்சம் கூட விடுங்கோ, மேயிலயும் ஒக்டோபரிலயும் அது விரியும்.

போட முதல் வெறும் தளத்தைச் சுவரோட சேத்துப் போனில படம் எடுத்து வையுங்கோ, பைப் எங்கால போகுது எண்டு பிறகு துளைக்க வாற ஆளுக்கு அது வேணும். ஒரு பெட்டி பலகை கூட வாங்கி வையுங்கோ, ரெண்டு வருசத்தில அந்த டிசைன் கடையில இருக்காது. பெட்டியைச் சுவரில சாத்தி நிமித்தி வைச்சா வளைஞ்சு போகும், கட்டிலுக்குக் கீழ படுக்க வையுங்கோ.